பரண்ல இருந்து இறங்கின கிட்டார்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பகுதியில "வீட்ல வாசிக்காம கிடக்கற பழைய கிட்டார் இருந்தா எழுதுங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. பாதிக்கு மேல அப்பாவோடது, மாமாவோடது, சித்தப்பா விட்டுட்டுப் போனதுன்னுதான் ஆரம்பிக்குது. கேள்வி ஆளுக்கு ஆள் மாறினாலும் கேக்கறது ஒண்ணுதான், இத மறுபடியும் வாசிக்க முடியுமா. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, ஒரே மாதிரி வந்ததுல ஒண்ண மட்டும் எடுத்துப் பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: எங்க அப்பா 1980கள்ல சர்ச் பாடகர் குழுவுல கிட்டார் வாசிச்சவங்க. கல்கத்தாவுல செஞ்ச கிட்டார். அப்பா இறந்தப்புறம் 20 வருஷத்துக்கு மேல பரண்லயே இருந்துச்சு. இப்ப எம் பொண்ணு கத்துக்கணும்னு கேக்கறா. இறக்கித் தொடச்சேன், கம்பி எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. புதுக் கம்பி போட்டு ட்யூன் பண்ணா போதுமா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: சகோதரி, முதல்ல கம்பிய டைட் பண்ற அந்தக் கீய இன்னும் ஒரு சுத்துகூட முறுக்காதீங்க. ஆறு கம்பியையும் மெதுவா, ஒவ்வொண்ணா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணிடுங்க. ஏன் இவ்ளோ அவசரமா சொல்றேன்னா, சாதாரண லைட் கேஜ் (மெல்லிசு ரகம்) ஸ்டீல் கம்பி ஆறும் முழு ட்யூனிங்ல இருக்கறப்ப மொத்தமா கிட்டத்தட்ட 74 கிலோ இழுக்கும், அதாவது வளர்ந்த ஒரு ஆள் ராத்திரி பகலா அந்தப் பிரிட்ஜப் (மேல்பலகையில கம்பியோட அடிமுனைய மாட்டற கட்டை) புடிச்சுத் தொங்கற மாதிரி. 20 வருஷமா பரண்ல கிடந்த ஒட்டுக்கு அத திடீர்னு தாங்கற தெம்பு இருக்கான்னு பாக்காம கம்பி போட்டா, பிரிட்ஜ் பிச்சுக்கிட்டு வரும், கூடவே மேல்பலகையும் கிழியும்.

பரணப் பத்தி ஒண்ணு சொல்லணும். நம்ம ஊர்ல பரண் பெரும்பாலும் மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழ இருக்கும், சித்திரை வெயில்ல அந்த இடம் அடுப்பு மேல வெச்ச மாதிரிதான். மரத்த ஒட்டற பசை சூட்டுல இளகும், கம்பியும் டைட்டா இருந்தா அந்த இளகின நேரத்துல நெக், அதாவது கிட்டாரோட கழுத்து, துளித்துளியா முன்னாடி சாயும். அதுக்கப்புறம் மழைக்காலம் வந்தா கடல்காத்து ஈரத்துல மரம் ஊதும். வருஷா வருஷம் இதே கதை. அப்பா கடைசியா வெச்சப்ப கம்பிய லூஸ் பண்ணி வெச்சிருந்தாங்கன்னா உங்களுக்குப் பாதி கஷ்டம் குறைவு.

இப்ப சோதனை. கம்பிய முழுசா கழட்டிட்டு கிட்டார மடியில வெச்சு, மேல்பலகை பூரா விரல் முட்டியால லேசா தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இடத்துல 'டொம்'னு வரும், உள்ளுக்குள்ள குறுக்குச் சட்டம் விட்டுப்போன இடத்துல 'சட சட'ன்னு ஒரு அதிர்வு கேக்கும், அங்க பென்சில்ல சின்னதா குறி வெச்சுக்கங்க. உள்ள பாக்க கண்ணாடியெல்லாம் தேட வேணாம், செல்போன்ல டார்ச்ச ஆன் பண்ணி வீடியோ ஓடவிட்டு சவுண்ட் ஹோல் (நடுவுல இருக்கற வட்ட ஓட்டை) வழியா உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தி எடுங்க, எந்தச் சட்டம் தூக்கிருக்கு, எங்க வெடிப்புன்னு எல்லாம் அதுல தெரிஞ்சிரும். அடுத்து ஒரு மெல்லிசு பேப்பர எடுத்து பிரிட்ஜோட பின்பக்க விளிம்புக்கு அடியில சொருகிப் பாருங்க. எங்கயும் நுழையலன்னா சந்தோஷம். ரெண்டு மூணு மில்லிமீட்டர் உள்ள போச்சுன்னா பிரிட்ஜ் தூக்க ஆரம்பிச்சிருச்சு, கழட்டி ஒட்டணும், அது எப்படின்னு அடுத்த பதில்ல விவரமா இருக்கு.

எல்லாத்தையும் விட முக்கியமானது நெக் கோணம். இத நான் எத்தன தடவ வேணாலும் சொல்வேன், ஏன்னா கிட்டார் பொழைக்குமா, எவ்ளோ செலவு ஆகும்னு முடிவு பண்றதே இதுதான். 60 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணு, வளையாததா, ஸ்டேஷனரி கடையில கிடைக்கும். அத நெக் நடுவுல ஃப்ரெட்டுங்க (நெக் குறுக்கே பதிச்ச உலோகப் பட்டைங்க) மேல படுக்க வெச்சு அப்படியே பிரிட்ஜ் வரைக்கும் நீட்டுங்க. ஸ்கேல் முனை பிரிட்ஜ் மரத்தோட மேல்பரப்ப உரசிக்கிட்டு, இல்ல அதுக்கு ஒரு முடி மேல வந்து நின்னா நெக் நல்லா இருக்கு. சேடில்ல (பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற வெள்ளைப் பட்டை) இல்ல, மரத்துல பாக்கணும், அந்தக் கருப்புக் கட்டையில. முனை போய் பிரிட்ஜ் முன்னாடி முகத்துலயே இடிச்சு, மேல்பரப்புக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் கீழ நின்னா நெக் முன்னாடி சாஞ்சிருக்கு. அப்ப என்ன கம்பி போட்டாலும், எவ்ளோ பாலிஷ் போட்டாலும், உங்க பொண்ணு விரல் அந்தக் கம்பிய அமுக்க முடியாம வலிச்சு ஒரே வாரத்துல மூலையில வெச்சிருவா.

கல்கத்தா கிட்டார்கள்ல சிலதுல கம்பி பிரிட்ஜ்ல முடியாம அடிப்பக்கம் வரைக்கும் போய் ஒரு இரும்புத் தகட்டுல மாட்டியிருக்கும், பிரிட்ஜ் சும்மா நின்னுக்கிட்டு இருக்கும், ஒட்டியே இருக்காது. உங்களுது அப்படின்னா கவலை ரொம்பக் குறைவு, நெக் கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் பிரிட்ஜோட அடியத் தேய்ச்சு இறக்கிக்கலாம். ஆனா அது நகரும், அதனால மறுபடி வெக்கறப்ப நட்டுல (நெக்கோட மேல்முனையில கம்பி உக்கார்ற பட்டை) இருந்து 12வது ஃப்ரெட் எவ்ளோ தூரமோ, 12வது ஃப்ரெட்ல இருந்து சேடில் அதே தூரம் கூட ஒரு 2, 3 மில்லிமீட்டர், அங்க வெச்சாதான் மேல் ஸ்வரம் சுருதியில நிக்கும். தடிச்ச கம்பி பக்கம் இன்னும் துளி பின்னாடி தள்ளணும்.

கீ இறுகிப்போய் சுத்தலன்னா தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பல்சக்கரத்துல மட்டும். மரத்துல வழிய விடாதீங்க. இவ்ளோ பாத்துட்டு எனக்கு ஒரு போட்டோவோட எழுதுங்க, அப்பா வாசிச்ச கிட்டார்ங்கறதால அவசரப்படாம செய்வோம்.

கேள்வி: பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிட்டு நிக்குது, உள்ள பேப்பர் நல்லாவே போகுது. பக்கத்து வீட்டு அண்ணன் இன்ஸ்டன்ட் பசை ரெண்டு சொட்டு விட்டு அமுக்கிப் புடின்னு சொல்றாரு. விடலாமா சார்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விடாதீங்க தம்பி. நானே அத செஞ்சு ஒரு நல்ல கிட்டாரக் கெடுத்திருக்கேன், கூட்டாளியோட கிட்டார், இன்னிக்கு நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கும். இடுக்குல அழுக்கு, பழைய பசை எல்லாம் இருக்கறப்ப புதுப் பசை மரத்தப் புடிக்காது, அழுக்கத்தான் புடிக்கும். ஒட்டின மாதிரி தெரியும், மூணே வாரத்துல மறுபடி தூக்கும், இந்தத் தடவ காஞ்ச பசை கண்ணாடி மாதிரி இறுகி இருக்கறதால தூக்கறப்ப மேல்பலகை நாரையும் சேத்துப் பிடுங்கிட்டு வந்துரும். நாரு போன குழிய நிரப்பறது பிரிட்ஜ் ஒட்டறத விட பத்து மடங்கு வேலை.

சரியான வழி என்னன்னா பாதி தூக்கின பிரிட்ஜ முழுசா கழட்டணும். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், பிரிட்ஜ்ல ரெண்டு வெள்ளைப் புள்ளி இருந்தா அது அலங்காரம்னு நினைக்காதீங்க, நிறைய ஃபேக்டரி கிட்டார்ல அதுக்கு அடியில போல்ட் ஒளிஞ்சிருக்கும். செல்போன உள்ள விட்டுப் பாத்தா போல்ட்டோட நட்டு தெரியும், அதக் கழட்டாம இழுத்தா பலகை பிளந்துரும். அப்பறம் சூடு. சேடில வெளிய எடுத்துட்டு, பிரிட்ஜச் சுத்தி மேல்பலகைக்கு அட்டைய வெட்டி அலுமினியத் தாள் சுத்தி மூடி வெச்சு, அயர்ன் பாக்ஸ மிதமான சூட்டுல பிரிட்ஜ் மேல மட்டும் வெச்சு வெச்சு எடுங்க. மரவேலைப் பசை 60 டிகிரிக்கு மேல போனா இளக ஆரம்பிக்கும். நுனி மழுங்கின மெல்லிசு தகடு, தோசைத் திருப்பி மாதிரி ஆனா இன்னும் மெல்லிசா ஒண்ணு, பட்டி பாக்கறவங்க வெச்சிருப்பாங்களே அந்த பிளேடு நல்லா இருக்கும், அத ஏற்கனவே தூக்கின பக்கத்துல இருந்து உள்ள விட்டு கொஞ்சம் கொஞ்சமா முன்னேறணும். பலகையோட நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து, பிளேடு உள்பக்கமா இறங்கற மாதிரி தெரிஞ்சா நிறுத்திட்டு எதிர்ப்பக்கத்துல இருந்து வாங்க. நெம்பக் கூடாது. அரை மணி நேரம் ஆனாலும் பரவால்ல.

வெளிய வந்ததும் ரெண்டு பக்கமும் பழைய பசையச் சுரண்டி வெறும் மரம் தெரியற வரைக்கும் சுத்தம் பண்ணணும். இங்க இன்னொரு விஷயமும் கண்ணுல படும், பல கிட்டார்ல பிரிட்ஜோட ஓரத்துக்கு அடியில வார்னிஷ் அப்படியே இருக்கும், அதாவது ஃபேக்டரியில வார்னிஷ் மேலயே ஒட்டியிருப்பாங்க. தூக்கினதுக்குக் காரணமே அதுதான், அந்த வார்னிஷ பிரிட்ஜ் ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ள வரைக்கும் சுரண்டி எடுத்துருங்க. மேல்பலகை லேசா உப்பியிருந்தா பிரிட்ஜோட அடியையும் அதே வளைவுக்குத் தேய்க்கணும், அதுக்கு உப்புத்தாள பலகை மேல முகம் மேல பாக்க வெச்சு ஒட்டி அது மேல பிரிட்ஜ முன்னும் பின்னும் தேய்ச்சா தானா அந்த வளைவு வந்துரும்.

பசை எதுன்னா, கடையில கிடைக்கற சாதா வெள்ளைப் பசை அலமாரிக்கு நல்லது, ஆனா நாள் பூரா இழுத்துக்கிட்டே இருக்கற இடத்துல அது மெதுவா நழுவும். டைட்பாண்ட் ஒரிஜினல்னு மஞ்சள் கலர்ல வரும், ஆன்லைன்ல கிடைக்குது, அது போதும். நம்ம பழைய ஆசாரிங்க வஜ்ரம்னு ஒண்ணு காய்ச்சி ஒட்டுவாங்களே, மாட்டுத்தோல் எலும்புல செய்யற பசை, பழைய வெளிநாட்டு கிட்டார்ங்க எல்லாம் அதேதான், இன்னிக்கும் அதுக்கு மேல ஒண்ணு இல்லன்னு அடிச்சுச் சொல்றவங்க உண்டு. ஆனா அது ஆறறதுக்குள்ள வேலைய முடிக்கணும், முதல் தடவ செய்யறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஜி கிளாம்ப் ரெண்டு மூணு, உள்பக்கம் ஒரு கட்டை குடுத்து இறுக்கி, வழியற பசைய ஈரத்துணியால தொடச்சு, 24 மணி நேரம் தொடாதீங்க. கம்பி போடறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு நாள் விட்டா எனக்கு நிம்மதி.

கேள்வி: தாத்தா 1970கள்ல சிங்கப்பூர்ல இருந்து கொண்டுவந்த யமஹா, உள்ள சிவப்பு லேபிள்ல எஃப்ஜி 180ன்னு இருக்கு. சவுண்ட் சூப்பரா இருக்கு ஆனா கம்பி ரொம்ப உயரம், 12வது ஃப்ரெட்ல 5 மில்லிமீட்டர். ட்ரஸ் ராட (நெக்குக்குள்ள இருக்கற இரும்புக் கம்பி) முறுக்கினா இறங்கும்னு காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ரெண்டு சுத்து முறுக்கிட்டேன், ஒண்ணும் பெருசா மாறல, இன்னும் முறுக்கவா? (வாசகர், திருச்சி)

பதில்: நிறுத்துங்க, அந்த ரெண்டு சுத்தையும் பழையபடி திருப்பி வெச்சிருங்க. கால் சுத்துக்கு மேல ஒரே நாள்ல இறுக்கவே கூடாது, ராட் உடைஞ்சா உள்ளேர்ந்து எடுக்கவே நெக்கப் பிளக்கணும்.

ட்ரஸ் ராட் எதுக்குன்னு நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கு. அது கம்பி உயரத்த இறக்கற சமாச்சாரம் இல்ல, நெக் வில்லு மாதிரி வளையறத சரி பண்றதுக்கு மட்டும். தடிச்ச கம்பிய 1வது ஃப்ரெட்லயும் 14வது ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்கிப் புடிங்க, நடுவுல 7வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையற இடைவெளி, 0.2ல இருந்து 0.3 மில்லிமீட்டர், அவ்ளோ இருந்தா ராடத் தொடவே வேண்டாம்.

உயரத்துக்கு சேடில். 12வது ஃப்ரெட்ல தடிச்ச ஈ கம்பி 2.4 மில்லிமீட்டர், மெல்லிசு ஈ 1.8 கிட்ட இருந்தா விரலுக்கு சுகமா இருக்கும், கொஞ்சம் அழுத்தி அடிக்கறவங்களுக்கு 2.8 வரைக்கும் போலாம். 12வது ஃப்ரெட் கம்பிக்கு நட்டநடு, அதனால அங்க 1 மில்லிமீட்டர் இறக்கணும்னா சேடில்ல 2 மில்லிமீட்டர் எடுக்கணும். உங்க கணக்குப்படி 5ல இருந்து 2.5க்கு வரணும்னா சேடில்ல 5 மில்லிமீட்டர் போகணும், அவ்ளோ சேடில் வெளிய இருக்கவே இருக்காது. குறைஞ்சது 3 மில்லிமீட்டராவது பிரிட்ஜுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கணும், இல்லன்னா கம்பி சேடில்ல உக்கார்ற கோணம் செத்து சவுண்ட் சப்புன்னு போயிரும். மேல தூத்துக்குடி சகோதரிக்குச் சொன்ன ஸ்கேல் சோதனைய செய்யுங்க, ஸ்கேல் பிரிட்ஜுக்குக் கீழ இடிக்கும்னுதான் நினைக்கறேன். அப்ப உங்களுக்கு வேணும்கறது நெக் ரீசெட்.

நெக் ரீசெட்னா நெக்க உடம்புல இருந்து கழட்டி, அடிக்கட்டைய ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவா சீவி, கோணத்த பின்னாடி சாச்சு மறுபடி மாட்டறது. உங்க கிட்டார்ல நெக் புறாவால் பூட்டுல கோத்திருக்கும், 15வது ஃப்ரெட்ட எடுத்துட்டு அந்தப் பள்ளத்துல சின்ன ஓட்டை போட்டு உள்ள நீராவி விட்டுத்தான் பசைய இளக்கணும். வீட்ல குக்கர் வெச்சு செய்யற வீடியோ எல்லாம் பாத்திருப்பீங்க, வேணாம், தாத்தா கிட்டார்ல கத்துக்காதீங்க. ஆனா செலவு பண்ணுங்க, நான் மனசார சொல்றேன். எஃப்ஜி 180 யமஹாவோட முதல் எஃப்ஜி வரிசை, 1966ல வந்தது, நிப்பான் காக்கின்னு லேபிள்ல இருக்குமே அதுதான் அப்ப கம்பெனி பேர், யமஹா கார்ப்பரேஷன்னு மாத்தினதே 1987லதான். மேல்பலகை ஒட்டுப்பலகைதான், முழு மரம் இல்ல, இருந்தும் அந்த சத்தம் வருதுன்னா அது செஞ்ச கையோட பெருமை. இதுக்கு நெக் ரீசெட் பண்றது வீண் செலவு இல்ல. இதே வேலைய மலிவு கிட்டாருக்குக் கேட்டிருந்தா நான் வேற பதில் சொல்லியிருப்பேன், அதுல நெக் ரீசெட் கூலிக்கு இன்னொரு கிட்டாரே வாங்கிரலாம். மெக்கானிக்கத் தேடறப்ப "எத்தன நெக் எடுத்து மாட்டியிருக்கீங்க"ன்னு நேரடியா கேளுங்க, தப்பே இல்ல.

கேள்வி: கிளாசிகல் கிட்டார்ல நைலான் கம்பி சத்தம் கம்மியா இருக்குன்னு ஸ்டீல் கம்பி போட்டுட்டேன், நல்லா சத்தமா இருக்கு, ஏதாவது ஆகுமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஆகும். இன்னிக்கே கழட்டுங்க. நைலான் செட் மொத்தமா 40 கிலோவுக்குள்ள இழுக்கும், நீங்க போட்டிருக்கறது 60, 70. அந்த மேல்பலகையும் பிரிட்ஜும் அதுக்குச் செஞ்சதே இல்ல, நெக்ல இரும்பு ராடும் பெரும்பாலும் இருக்காது. பிரிட்ஜுக்குப் பின்னாடி உப்பியும் சவுண்ட் ஹோல் பக்கம் பள்ளமாவும் இருக்கான்னு சாய்வா வெளிச்சத்துல பாருங்க, லேசாத்தான் இருக்குன்னா கம்பி இல்லாம ஒரு மாசம் விட்டா ஓரளவு தானா அடங்கும். சத்தம் பத்தலன்னா ஹை டென்ஷன் நைலான் செட்டுன்னே வருது, அதப் போடுங்க.

கேள்வி: கருஞ்சிவப்பு ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட் பதிச்ச பலகை) வெளுத்துப் போய் காய்ஞ்சிருக்கு, ஃப்ரெட்டுங்க பச்சை பூத்திருக்கு. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தேங்காய் எண்ணெய் வேணாம்மா. ஃப்ரெட் இடுக்குல தங்கி, தூசியோட சேந்து பிசுபிசுன்னு ஆகி, நம்ம ஊர் ஈரத்துக்குப் பூசணமும் புடிக்கும். மெடிக்கல் ஷாப்ல லிக்விட் பாரஃபின்னு கேளுங்க, மலச்சிக்கலுக்குக் குடுக்கற மருந்துதான், வாசனையே இல்லாத சுத்தமான மினரல் ஆயில், கெட்டுப்போகாது. பழைய காட்டன் துணியில ரெண்டு சொட்டு விட்டு தேய்ச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு, மிச்சம் இல்லாம தொடச்சிருங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ போதும். மேப்பிள் மாதிரி வெளிர் மரத்துல வார்னிஷ் போட்ட ஃபிங்கர்போர்டுன்னா எண்ணெயே கூடாது.

பச்சை பூத்ததுக்கு பயப்பட வேணாம், ஃப்ரெட் கம்பிய நிக்கல் சில்வர்னு சொல்வாங்க ஆனா அதுல வெள்ளி துளி கூட கிடையாது, செம்பு, துத்தநாகம், நிக்கல் மூணும்தான், அந்தச் செம்பு கக்கற களிம்புதான் பச்சை. மரத்த மாஸ்கிங் டேப்பால மூடிட்டு நாலு ஜீரோ ஸ்டீல் வூலால, அதாவது ரொம்ப மெல்லிசு இரும்பு நாரால, தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிரும்.

உங்க ஃபிங்கர்போர்டு கருஞ்சிவப்புல இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அது பெரும்பாலும் தோதகத்தியா இருக்கும், ஈட்டின்னும் சொல்வோம், நீலகிரி வயநாடு காட்டுல வளர்ற அதே மரம். அமெரிக்காவுல மார்ட்டின் கம்பெனி பிரேசில் ரோஸ்வுட்ட விட்டுட்டு 1969ல இந்தியன் ரோஸ்வுட்டுக்கு மாறினாங்க, அன்னிலேர்ந்து உலகம் பூரா நல்ல கிட்டார்ங்கள்ல நம்ம மலை மரம் இருக்கு. அத நினைச்சுக்கிட்டே தொடைங்க, கை தானா மெதுவாகும்.

கேள்வி: சென்னையில வாங்கின முழு மரக் கிட்டார், டொராண்டோவுக்கு எடுத்துட்டு வந்தேன். முதல் குளிர்காலத்துலயே மேல்பலகையில பிரிட்ஜ்ல இருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. கிட்டார் மட்டமானதா? (வாசகர், டொராண்டோ)

பதில்: கிட்டார் மேல தப்பு இல்ல. சென்னையில 70, 80 சதவீதம் ஈரத்துல இருந்து பழகின மரம், அங்க ஹீட்டர் ஓடற வீட்ல குளிர்காலத்துல ஈரப்பதம் 20, 25 வரைக்கும் இறங்கிரும். மரம் நாருக்குக் குறுக்கேதான் சுருங்கும், ஆனா அடியில சட்டம் போட்டு ஒட்டி இறுக்கி வெச்சிருக்கு, சுருங்க இடம் இல்லாம வெடிக்குது.

உடனே பசை விடாதீங்க, இப்ப விட்டா வெடிப்ப திறந்த நிலையிலயே பூட்டின மாதிரி ஆயிரும். கிட்டார பொட்டிக்குள்ள வெச்சு, ஈர ஸ்பாஞ்ச துளை போட்ட சோப்பு டப்பாவுல போட்டு கூடவே வெச்சு, ஈரப்பதம் காட்டற சின்ன ஹைக்ரோமீட்டர் ஒண்ணும் போட்டு, 45ல இருந்து 50 சதவீதத்துல ரெண்டு மூணு வாரம் விடுங்க. பல வெடிப்பு தானா மூடிக்கும், தேடினாலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி. அப்பறம் கம்பிய லூஸ் பண்ணிட்டு டைட்பாண்ட வெடிப்பு மேல தடவி, விரலால அமுக்கி அமுக்கி விட்டா பசை உள்ள இறங்கும், அடியில பொட்டு அளவுக்கு மெல்லிசு ஸ்ப்ரூஸ் (மேல்பலகைக்குப் போடற மரம்) துண்டுங்கள நார் குறுக்கா இருக்கற மாதிரி ரெண்டு மூணு இடத்துல ஒட்டினா வெடிப்பு மறுபடி நீளாது. சென்னையிலயே இருக்கற வாசகர்களும் இதக் கவனிங்க, நாள் பூரா ஏசி ஓடற ரூம்ல, அதுவும் ஏசி காத்து நேரா படற சுவத்துல கிட்டார மாட்டாதீங்க.

கேள்வி: முதல் மூணு ஃப்ரெட்ல கம்பி அமுக்கற இடத்துல குழி விழுந்திருக்கு, சி கார்டு புடிச்சாலே ர்ர்ர்ருன்னு சத்தம். எல்லா ஃப்ரெட்டையும் மாத்தணுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உங்க ஊர்லயே வீணைக்கு மெழுகு மாத்தி 24 மெட்டையும் புதுசா உக்கார வெக்கறவங்கள பாத்திருப்பீங்க. மெட்டு தேயும், மெழுகு இறங்கும், சில வருஷத்துக்கு ஒரு தடவ மறுபடி கட்டியே ஆகணும்னு வீணைக்காரங்க இயல்பா எடுத்துக்கறாங்க, கிட்டார்க்காரங்கதான் ஃப்ரெட் தேஞ்சா கிட்டாரே போச்சுன்னு நினைச்சிடறோம். குழி ஆழம் ஃப்ரெட் உயரத்துல மூணுல ஒரு பங்குக்குள்ள இருந்தா மாத்த வேணாம், லெவல் பண்ணலாம். ஃப்ரெட் தலை எல்லாத்துலயும் மார்க்கர் பேனாவால கோடு போட்டு, கண்டிப்பா நேரா இருக்கற ஒரு கட்டையில உப்புத்தாள் ஒட்டி நெக் நீளத்துக்குத் தேய்ச்சா உயரமான இடத்துல மை முதல்ல போகும், எல்லாத்துலயும் மை போயிருச்சுன்னா மட்டம் வந்திருச்சு. அதோட விடக்கூடாது, தட்டையான தலைய வளைஞ்ச அரத்தால மறுபடி உருட்டணும், இல்லன்னா சுருதி கச்சிதமா நிக்காது. அப்பறம் 600, 1000, 2000 நம்பர் தாள். குழி அதுக்கு மேல ஆழம்னா அந்த முதல் அஞ்சு ஃப்ரெட் மட்டும் மாத்தினா போதும், எல்லாத்தையும் மாத்தச் சொல்றவங்ககிட்ட ஏன்னு கேளுங்க.

கேள்வி: பழைய கிட்டார பூரா தேய்ச்சு புது வார்னிஷ் போட்டு புதுசு மாதிரி ஆக்கணும்னு ஆசை. எந்த வார்னிஷ் நல்லது? (வாசகர், சேலம்)

பதில்: எதுவும் வேணாம்ங்க. மேல்பலகை மூணு மில்லிமீட்டர் கூட இருக்காது, தேய்க்கறப்ப அது இன்னும் மெலியும், மேல கெட்டியா வார்னிஷ் ஏறினா அதிர்வும் குறையும். கீறல் இருந்துட்டுப் போகட்டும். ஈரத்துணியால அழுக்க எடுத்து, காஞ்ச துணியால தொடச்சு, காச கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் செலவு பண்ணுங்க.

கேள்வி: மார்ச் மாசம் நேர்ல கேட்டப்ப நீங்க சொன்னபடியே பிரிட்ஜக் கழட்டி ஒட்டிட்டேன், சட்டம் ஒண்ணு விட்டுருந்துச்சு அதையும் ஒட்டினேன். கிளாம்ப் எடுத்து மூணு நாள் ஆச்சு. எந்தக் கம்பி போடறது, எப்படி ஏத்தறது? கை நடுங்குது. (வாசகர், மதுரை)

பதில்: நடுங்கறது நல்லதுதான், அவசரப்பட மாட்டீங்க. 12, 53 செட்டு (மெல்லிசு, தடிச்ச கம்பியோட தடிமன் நம்பர்) வேணாம், 10, 47 வாங்குங்க, எக்ஸ்ட்ரா லைட்னு கவர்ல போட்டிருக்கும், மொத்த இழுவை 60 கிலோ கிட்ட வந்துரும், பழைய கிட்டாருக்கு இது பெரிய உதவி. முதல் நாள் நார்மல் ட்யூனிங்குக்கு ஒரு முழு ஸ்வரம் கீழ, அதாவது ஈ வர வேண்டிய இடத்துல டி வரைக்கும் மட்டும் ஏத்துங்க, எல்லா கம்பியையும் அதே அளவு இறக்கி. அப்படி வெச்சாலே இழுவை அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிரும். அப்படியே மூணு நாள் விட்டு, தினமும் காலையில பிரிட்ஜ் பின்னாடி அந்தப் பேப்பர் சோதனை. பேப்பர் நுழையலன்னா அரை ஸ்வரம் ஏத்தி இன்னும் மூணு நாள். அதுவும் தாங்குச்சுன்னா முழு ட்யூனிங். இந்த நாள்ல எல்லாம் வாசிக்கக் கூடாதுன்னு இல்ல, தாராளமா வாசிங்க, காப்போ (நெக்ல எல்லா கம்பியையும் ஒண்ணா அமுக்கற கிளிப்) போட்டுக்கிட்டா பாட்டுக்கு சுருதி சரியா வந்துரும்.

முழு ட்யூனிங்ல ஒரு வாரம் நின்னப்புறம் 12வது ஃப்ரெட்ல ரெண்டு ஈ கம்பியோட உயரத்தையும், பிரிட்ஜுக்கு மேல சேடில் எத்தன மில்லிமீட்டர் நீட்டிருக்குன்னும் அளந்து எழுதி அனுப்புங்க. எவ்ளோ தேய்க்கணும்னு அடுத்த இதழ்ல கணக்குப் போட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் சேடில்ல அரம் வெக்காதீங்க.